அழைத்தால்தான் உள்ளே வருவான்

1732 ஜனவரியில் யொஹான் ஃப்ளூக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர், அன்று ஆஸ்திரியாவின் பிடியில் இருந்த செர்பியாவின் மெட்வெஜா கிராமத்துக்குப் போய்க் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். அங்கே மூன்று மாதத்துக்குள் 17 பேர் இறந்திருந்தார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து ரத்தம் குடிக்கிறார்கள் என்று கிராமத்தார் சொன்னார்கள். அறிக்கையின் லத்தீன் தலைப்பு 'விசும் எத் ரெப்பெர்த்தும்'. கண்டதும் கண்டறிந்ததும் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அதில் ஸ்டானொய்கா என்று ஒரு பெண் வருகிறாள். வயது 20. நன்றாக இருந்தவள், படுக்கப் போனவள், நடு இரவில் அலறிக்கொண்டு எழுந்தாள். ஒன்பது வாரத்துக்கு முன் செத்துப்போன மில்லோ என்பவன் வந்து தன் கழுத்தை நெரித்ததாகச் சொன்னாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள். அவளைத் தோண்டி எடுத்தபோது வலது காதுக்குக் கீழே விரல் நீளத்துக்கு நீலமாகக் கன்றிய ஒரு தடம் இருந்ததை மருத்துவர் குறித்துவைத்தார். உடல் அழுகாமல் இருந்ததால் அவளும் ரத்தக்காட்டேரிகளின் கணக்கில் சேர்க்கப்பட்டாள். அந்தக் கணக்கில் வந்தவர்களின் தலைகளை வெட்டி, உடல்களை எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் போட்டார்கள்.

புகார் சொன்னவள், சாட்சி, பிரேதம், குற்றவாளி. நான்கு பாத்திரங்களும் ஒருத்திக்கே கிடைத்தன.

இந்த அறிக்கையின் செய்தி ஐரோப்பாவெங்கும் பரவிய அதே 1732இல்தான் ஆங்கிலப் பத்திரிகைகளும் 'வாம்பயர்' என்ற சொல்லை அச்சிடத் தொடங்கின. படித்த வர்க்கத்துக்கு ரத்தக்காட்டேரி அறிமுகமானது ஒரு விசாரணைக் கோப்பின் வழியாக. எப்படிச் செத்தார்கள், யார் பார்த்தது, உடலில் என்ன தடயம் என்ற கேள்விகளோடுதான் அது வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. ஆகவே பழைய லண்டனிலோ பாரிஸிலோ நடக்கும் ரத்தக்காட்டேரிக் காதல் கதைக்குள் கொலை மர்மம் ஒன்றையும் வைத்து எழுதப்படும் நாவல்களைப் பதிப்பாளரின் வியாபார உத்தி என்று மட்டும் தள்ளிவிட முடியாது. இந்தச் சேர்க்கை கதை மரபின் வேரிலேயே இருக்கிறது.

என் வகுப்பு மாணவிகள் சிலர் இந்த நாவல்களைக் கைபேசியில் படிக்கிறார்கள். என்ன படிக்கிறாய் என்றால் திரையை அணைத்துவிடுகிறார்கள். 'குப்பை' என்ற ஒரு சொல்லில் இவற்றை முடித்துவிடும் ஆண் பேராசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு அலமாரியில் அடுக்கிவைத்திருக்கும் துப்பறியும் நாவல்களையும் பார்த்திருக்கிறேன். பெண் படித்தால் குப்பை, ஆண் படித்தால் பொழுதுபோக்கு. அந்தச் சண்டை இருக்கட்டும். கூரிய பல்லும் நிலா வெளிச்சமும் மேலுக்குத்தான். இந்த நாவல்களின் கவர்ச்சி அவை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் விசாரணை உரிமையில் இருப்பதாக நினைக்கிறேன். தன்னை நேசிக்கிறேன் என்று வந்து நிற்பவன் கொலைகாரனா என்று கேட்கலாம், ஆதாரம் தேடலாம், விடை கிடைக்கும்வரை சம்மதத்தைத் தள்ளிப்போடலாம். வாழ்க்கையில் எத்தனை பேருக்கு இது வாய்க்கிறது?

சொல்லைப் பற்றி ஒன்று. 'ரத்தக்காட்டேரி' என்று நாம் எழுதும்போது ஏதோ இடறுகிறது. நம் கிராமங்களில் காட்டேரி என்று பயந்து படையல் போடுவது பெரும்பாலும் பெண் உருவுக்கு. கர்ப்பிணிகளையும் பச்சைப் பிள்ளைகளையும் அதனிடமிருந்து காப்பாற்ற. கோட்டை வைத்திருக்கும் பிரபு, பட்டுச் சட்டை, இத்தாலிய இசை எதுவும் அவளுக்கு இல்லை. வேறு சொல் இல்லாததால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

பிரபுவாக அவனை மாற்றியவர் ஜான் போலிடோரி. கவிஞர் பைரனின் மருத்துவராக 1816இல் ஜெனீவா ஏரிக்கரைக்குப் போனவர். அவருடைய 'தி வாம்பயர்' 1819இல் பைரனின் பெயரிலேயே வெளியானது. அதன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த காதல் நாவல்கள் எல்லாம் இதைத்தான் திருத்தி எழுதுகின்றன. ஆப்ரி என்ற இளைஞன் ருத்வன் பிரபுவோடு பயணம் போகிறான். கிரேக்கத்தில் அவன் விரும்பிய ஐயான்தி என்ற பெண் கழுத்தில் பல் தடத்தோடு செத்துக் கிடக்கிறாள். பிறகு ருத்வன் சாகும் தறுவாயில் ஆப்ரியிடம் ஒரு சத்தியம் வாங்குகிறான்: என் குற்றங்களைப் பற்றியும் என் சாவைப் பற்றியும் ஓர் ஆண்டும் ஒரு நாளும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஆப்ரி லண்டன் திரும்பினால் செத்தவன் விருந்துகளில் சுற்றிக்கொண்டிருக்கிறான். தங்கையின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிமிழைத் திறந்து பார்த்தால் மாப்பிள்ளையின் படம் அவனுடையது. அண்ணனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் சத்தியம் செய்திருக்கிறான். தங்கைக்கு எழுதிய கடிதத்தையும், பைத்தியக்காரன் எழுதியது என்று மருத்துவர் கொடுக்காமல் நிறுத்திவிடுகிறார். கெடு முடிந்து அவன் வாய் திறக்கும்போது கல்யாணம் முடிந்து, தங்கையும் முடிந்துபோகிறாள்.

ஆப்ரியைப் பாவம் என்று எழுதும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை. 'மாப்பிள்ளையைப் பற்றி நன்றாக விசாரித்தாயிற்று' என்று வீட்டு ஆண்கள் வந்து சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையில் பயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆதாரம் முழுவதும் ஆண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆண்களின் மானம் அதைப் பூட்டிவைக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு விசாரணையில் இடமில்லை. அவளுக்கு அந்தக் கதையில் நினைவில் நிற்கும்படியான ஒரு பேச்சுகூட இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜோன்னா ரஸ் 1973இல் அன்றைய மலிவு விலை காதிக் நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவன்தான் என்று நினைக்கிறேன் என்பது அதன் தலைப்பு. பெரிய வீடு, புதுப் பெண்டாட்டி, மௌனமான கணவன், பூட்டிய அறை என்ற சூத்திரத்தைக் கேலி செய்தபடியே அவர் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்: அந்த நாவல்களின் நாயகி நாள் முழுக்கச் செய்யும் வேலை முகங்களைப் படிப்பது. அவன் புருவம் ஏன் சுருங்கியது, குரல் ஏன் மாறியது, இன்று என்ன மனநிலையில் வந்திருக்கிறான். வீட்டுப் பெண்களின் அன்றாட உழைப்பு அங்கே துப்பறியும் வேலையாகிவிடுகிறது. ரஸ் இதைச் சற்றே இளக்காரத்தோடு சொன்னார். எனக்கு இளக்காரம் வரவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீடு. ஒரு நாளைக்கு 140 பேர். புருவத்தைப் படிக்கிற பழக்கம் கற்பனையில் வந்ததல்ல.

காதிக் நாவலின் கணவன் கடைசியில் குற்றமற்றவன் என்று தெரியவரும். முரட்டுத்தனம் எல்லாம் மறைத்துவைத்த அன்பு என்று நாயகி புரிந்துகொள்வாள். நம் தொடர்கதைகளின் கோபக்கார நாயகர்களும் இந்த வழியில்தான் தப்பிக்கிறார்கள். ரத்தக்காட்டேரிக் காதலனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் கொன்றிருக்கிறான், அது முதல் பக்கத்திலேயே தெரியும். அதனால் நாயகி கேட்கும் கேள்வியும் மாறுகிறது. இவன் ஆபத்தானவனா என்று அவள் கேட்பதில்லை. ஆபத்தானவன் என்று தெரிந்தபின் என்ன நிபந்தனையில் இவனைப் பக்கத்தில் நிறுத்துவது என்று கேட்கிறாள். இந்தக் கேள்வியின் நேர்மைக்காகவே இந்த நாவல்களை நான் மதிக்கிறேன்.

இதைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வந்தது. அதில் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஒரு விதியைச் சொல்கிறார்: வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி முதல் தடவை உள்ளே நுழைய முடியாது, ஒருமுறை அழைத்துவிட்டால் பிறகு இஷ்டப்பட்டபோதெல்லாம் வரலாம். பேய்க் கதையின் விதி இது. இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த மாத்யூ ஹேல் எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 1736இல் அச்சான சட்ட நூலிலும் ஏறத்தாழ இதே விதி இருக்கிறது: திருமணத்தின்போது மனைவி கொடுத்த சம்மதத்தை அவள் பிறகு திரும்பப் பெற முடியாது, எனவே கணவன் அவளை வல்லுறவு செய்தான் என்ற பேச்சே எழாது. அந்த விதியை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991இல்தான் தூக்கி எறிந்தது. நம் நாட்டில் 2023இல் புதிதாக எழுதப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில், 18 வயது நிரம்பிய மனைவியைப் பொறுத்தவரை அந்த விதிவிலக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

'டிராகுலா'வில் இன்னொன்றும் உண்டு. மீனா தங்கியிருக்கும் மனநல விடுதிக்குள் பிரபுவை அழைப்பது ரென்ஃபீல்டு என்ற ஆண் நோயாளி. கழுத்தில் கடிபடுவது மீனா. வாசலில் 'வா' என்று சொல்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவள் வேறொருத்தி. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தட்டோடு போய் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதனால்தான் இந்த நாவல்கள் பழைய காலத்துக்குப் போகின்றன என்று எனக்குப் படுகிறது. அழகான உடுப்புக்காகவும் போகின்றன, அதை ஏன் மறுக்க வேண்டும். ஆனால் மனைவியின் சொத்தும் உடலும் கணவனுடையவை என்று சட்டமே வெளிப்படையாகச் சொன்ன காலம் அது. இன்று அதே அதிகாரம் அன்பு, அக்கறை, 'உன் நல்லதுக்குத்தான்' என்ற பெயர்களில் வருவதால் அடையாளம் காட்டுவது கடினம். இருநூறு ஆண்டு பின்னால் போனால் எல்லாம் துலக்கமாகத் தெரிகிறது.

செல்சி க்வின் யார்ப்ரோவின் 'ஹோட்டல் டிரான்சில்வேனியா' 1978இல் வந்தது. கதை நடப்பது 1743ஆம் ஆண்டுப் பாரிஸில். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில் உண்மையிலேயே உலவிய, வயதே ஆகாதவர் என்று வதந்தி சூழ்ந்த செயின்ட் ஜெர்மேன் பிரபுதான் அதில் ரத்தக்காட்டேரி. மாதலேன் என்ற இளம்பெண்ணை அவளுடைய அப்பாவே முன்பொரு காலத்தில் சாத்தானை வழிபடும் பிரபுக்கள் கூட்டத்துக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார். அந்தக் கூட்டம் இப்போது அவளைக் கேட்டு வருகிறது. குடும்பம், மதம், அந்தஸ்து என்று எல்லாப் பக்கமும் மனித ஆண்கள் அவளைப் பங்கு போட நிற்க, அவள் சம்மதத்தைக் கேட்பவன் பேய் ஒருவன்தான். யார்ப்ரோவின் ரத்தக்காட்டேரியால் வழக்கமான முறையில் புணர முடியாது. கொஞ்சம் ரத்தம், அதுவும் அவள் இன்பம் அடைந்தால்தான் அவனுக்கும் பசி தீரும். பெண்ணின் இன்பத்தை ஆணின் உயிர்வாழ்வுக்கு நிபந்தனையாக வைத்தது 1978இல் சின்ன விஷயமல்ல. நாவலாக அதில் குறைகள் உண்டு. வில்லன்கள் அட்டைப் பொம்மைகள், சித்திரவதைக் காட்சிகளில் எழுத்தாளருக்குத் தேவைக்கு மேல் ஆர்வம். இருந்தாலும் நேர்ந்துவிடப்பட்டவளுக்கும் கேட்கப்பட்டவளுக்கும் உள்ள தூரத்தை அதைப்போல் அழுத்திக் காட்டிய வெகுஜன நாவல்கள் குறைவு.

பார்பரா ஹாம்ப்ளியின் 'தோஸ் ஹூ ஹன்ட் தி நைட்' (1988) இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. 1907, லண்டன். யாரோ பகலில் சவப்பெட்டிகளைத் திறந்து ரத்தக்காட்டேரிகளை வெயிலில் எரியவிட்டுக் கொல்கிறார்கள். பகலில் நடமாட முடியாத அவர்களுக்கு மனிதத் துப்பறிவாளர் ஒருவர் தேவை. டான் சைமன் இசித்ரோ என்ற பழைய ஸ்பானியப் பிரபு, முன்னாள் உளவாளியும் ஆக்ஸ்ஃபோர்டு மொழியியல் பேராசிரியருமான ஜேம்ஸ் ஆஷரிடம் வருகிறான். மறுத்தால் உன் மனைவி லிடியாவைக் கொன்றுவிடுவேன் என்கிறான். இங்கேயும் வழக்கம்போலப் பெண் ஒரு பணயப்பொருள்தானா என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. லிடியா மருத்துவம் படித்தவள். கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது, ஆனால் அழகு கெட்டுவிடும் என்று நாலு பேர் நடுவில் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவைப்பாள். அவள் ரத்தக்காட்டேரிகளைத் தேடுவது சிலுவையும் பூண்டும் எடுத்துக்கொண்டு அல்ல, பதிவேடுகளில். எந்த வீடு பல தலைமுறையாகக் கை மாறாமல் இருக்கிறது, யார் பெயரில் என்று சொத்துப் பத்திரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். சாகாவரம் என்ற மாயத்தை அவள் சொத்துடைமை என்ற கணக்காகப் படித்துவிடுகிறாள். ஆய்வேட்டுக்காக ஆவணக் காப்பகங்களில் தூசி தின்ற எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பக்கங்கள் இனிக்கும்.

அடுத்த நாவலான 'டிராவலிங் வித் தி டெட்' (1995) லிடியாவை இசித்ரோவோடு ஐரோப்பா முழுக்கப் பயணம் அனுப்புகிறது. அவள் போடும் நிபந்தனை: என்னோடு வரும்வரை நீ யாரையும் கொல்லக் கூடாது. அவன் ஒப்புக்கொள்கிறான், அதனால் நாளுக்கு நாள் நலிகிறான். அவர்களுக்கு நடுவில் வளர்வது காதல்தான். இருவரும் அந்தச் சொல்லைத் தவிர்த்துக்கொண்டே போகிறார்கள். ஹாம்ப்ளி மற்றவர்களைவிட மேலே நிற்பது எதனால் என்றால், இதுவரை இவன் கொன்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்ற கணக்கை லிடியாவும் ஆஷரும் மறப்பதில்லை, நம்மையும் மறக்க விடுவதில்லை. இசித்ரோவின் அழகான கைகளை ரசிக்கும் பக்கத்திலேயே அந்தக் கணக்கும் வந்துவிடுகிறது.

கொலையாளி யார் என்று சொல்லி வாசிப்பைக் கெடுக்கமாட்டேன். ஆனால் இந்த நாவல்களை வரிசையாகப் படிக்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படும். ஹாம்ப்ளியின் முதல் நாவலில் தடயங்கள் பேய்களின் கூட்டத்தை விட்டு விலகி மருத்துவ ஆராய்ச்சியின் பக்கம் போகின்றன. கிம் நியூமனின் 'அன்னோ டிராகுலா' (1992) 1888ஆம் ஆண்டு லண்டனில் நடக்கிறது. டிராகுலா விக்டோரியா ராணியை மணந்துகொண்டு ஆளும் அந்த நகரத்தில், வொயிட்சாப்பல் தெருக்களில் ரத்தக்காட்டேரிகளாக மாறிவிட்ட பாலியல் தொழிலாளிகளை வெள்ளிக் கத்தியால் கொல்பவர் ஒரு மருத்துவர். நாவல் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கெயில் கேரிகரின் 'சோல்லெஸ்' (2009) நகைச்சுவை நாவல்; விருந்து வீட்டில் சாப்பாடு போடவில்லை என்ற எரிச்சலில் இருக்கும் நாயகி, அறிமுகம் செய்துகொள்ளாமலே கடிக்க வந்த ரத்தக்காட்டேரியைக் கொண்டை ஊசியால் கொல்வதில் தொடங்குகிறது. அவளுடைய காதலன் ரத்தக்காட்டேரி அல்ல, ஓநாய் மனிதன். அதிலும் அமானுடர்கள் காணாமல் போவதற்குப் பின்னால் இருப்பது விஞ்ஞானிகளின் சங்கம். மூவரும் தனித்தனியாக எழுதியவை, மூன்றிலும் வெள்ளைக் கோட்டு.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விக்டோரியா காலத்தில் பெண்ணுடலைப் பற்றிப் பேசும் அதிகாரம் பாதிரியாரிடமிருந்து மருத்துவருக்குக் கைமாறியது. ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்ததும், படித்தால் கருப்பை கெடும் என்று சொன்னதும் மருத்துவர்கள். போலிடோரியின் கதையில் கடிதத்தை மறித்தவரும் மருத்துவர், மெட்வெஜாவில் ஸ்டானொய்காவைக் காட்டேரிக் கணக்கில் எழுதியவரும் மருத்துவர். இந்த நாவல்கள் அந்தப் பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்கின்றன: பெண்ணின் ரத்தத்தை உண்மையில் யார் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்? பல் உள்ளவனா, பட்டம் உள்ளவனா? திறமையான திருப்பம். ஆனால் அதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. குற்றம் முழுவதும் வெள்ளைக் கோட்டின்மேல் ஏறிய பிறகு, நூற்றாண்டுக்கணக்கில் கொன்றுகொண்டிருந்த காதலன் இந்த ஒரு வழக்கில் நிரபராதி என்று வெளியே வருகிறான். நாயகியும் நாமும் பெருமூச்சு விடுகிறோம். விடுதலை கிடைத்தது ஒரு வழக்கில்; நிம்மதி எல்லா வழக்கிலிருந்தும் விடுதலை ஆனதுபோல் இருக்கிறது.

மற்ற வழக்குகளில் செத்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடு ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா'வுக்கு (1872) திரும்பினால் அந்தச் சிறு நாவல் கூர்மையாகிவிடுகிறது. ஸ்டைரியாவின் காட்டுக் கோட்டையில் அப்பாவோடு தனியே வாழும் லாரா, விருந்தாளியாக வந்து சேரும் கார்மில்லாமேல் ஈர்க்கப்படுகிறாள். இரண்டு பெண்களுக்கு நடுவிலான காதலை அந்தக் காலத்தில் இத்தனை வெளிப்படையாக எழுதிய ஆங்கிலக் கதை எனக்கு வேறு நினைவில்லை. அதனாலேயே பெண்ணியவாதிகள் நாம் இதைக் கொண்டாடுகிறோம். நானும் பாடம் நடத்தும்போது கொண்டாடியிருக்கிறேன். ஆண்கள் கூடி, ஆணை பெற்று, கல்லறையைத் திறந்து, முளையடித்து, தலை வெட்டி அந்தக் காதலை முடிக்கிறார்கள். அரசாங்கக் கமிஷனின் அறிக்கைப் பிரதி லாராவின் அப்பாவிடம் இருக்கிறது. மருத்துவரும் அப்பாவும் லாராவின் உடலைப் பற்றி அவளை விலக்கிவைத்துப் பேசிக்கொள்கிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால் கார்மில்லா வந்தபிறகு முதலில் சாவது பன்றி மேய்ப்பவனின் இளம் மனைவி. தொண்டையை ஏதோ பிடித்தது என்று சொல்லிவிட்டுச் சாகிறாள், ஸ்டானொய்காவைப் போலவே. பிறகு காட்டுக் காவலரின் மகள். அவளுடைய சவ ஊர்வலம் போகும்போது லாரா எழுந்து நின்று துதிப்பாட்டில் சேர்ந்துகொள்கிறாள். கார்மில்லாவோ காதைப் பொத்திக்கொண்டு, குடியானவர்களைப் பற்றி எனக்கென்ன கவலை என்கிறாள். இத்தனை சாவுக்கும் விசாரணை ஒன்றும் கிடையாது. ஊரில் காய்ச்சல் என்கிறார்கள். துப்பறிந்துகொண்டு ஒருவர் வருவது, ஜெனரல் ஒருவர் தம் வீட்டில் வளர்த்த பெர்த்தா செத்தபின். மாளிகையில் சாவு விழுந்தால்தான் அது கொலை. குடிசையில் விழுந்தால் காய்ச்சல்.

பின்னால் வந்த நாவல்கள் பலவும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பக்கம் இருபதில் ஒரு வேலைக்காரப் பெண், பக்கம் ஐம்பதில் தெருவில் நிற்பவள் ஒருத்தி. பெயர் ஒரு தடவை வரும். அவள் சாவு நாயகிக்கு ஒரு தடயம், நாயகனுக்கு ஒரு சந்தேகம், வாசகிக்கு ஒரு சிலிர்ப்பு. வொயிட்சாப்பலில் 1888இல் உண்மையில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் வாழ்க்கையை ஹாலி ரூபன்ஹோல்டு 'தி ஃபைவ்' (2019) என்ற நூலில் திரும்ப எழுதியபோது, அவர்களில் மூவர் பாலியல் தொழிலில் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று வாதிட்டார். பலருக்கு அது பொறுக்கவில்லை. கொலைகாரனின் புதிரை நூறாண்டு ரசித்த வாசகர்கள் செத்தவர்களின் சமையலறைகளையும் பிரசவங்களையும் படிக்கத் தயாராக இல்லை. நியூமன் தம் நாவலில் அந்தத் தெருவின் வறுமையை எழுதுகிறார். அவருடைய நாயகி ஜெனவியெவ், தானே ஒரு ரத்தக்காட்டேரி, ஏழைகளுக்கான டாய்ன்பீ ஹாலில் வேலை செய்கிறாள். அது பெரிய விஷயம். ஆனாலும் காதல் நடப்பது அவளுக்கும் ஒரு கனவானுக்கும் நடுவில்தான்.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் பழையனூர் நீலி நினைவுக்கு வராமல் இருக்காது. கணவனால் கொல்லப்பட்டவள் அவள். மறுபிறவியில் வணிகனாக வந்தவனை விடாமல் துரத்தி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் போய் 'இவன் என் புருஷன்' என்று வழக்காடுகிறாள். சபை நம்பி அனுப்பிவைக்கிறது. அவள் பழி தீர்த்துக்கொள்கிறாள். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். கதையைச் சொல்லிச் சொல்லி வந்தவர்கள் வேளாளரின் வாக்குத் தவறாமையைப் புகழவே சொன்னார்கள், 'நீலிக் கண்ணீர்' என்று அவள் அழுகையை ஏச்சாக்கினார்கள். ஆனால் அமைப்பைப் பாருங்கள். அங்கே பேயாக எழுந்து வருவது கொலையுண்டவள். ஐரோப்பியக் காதல் நாவலில் எழுந்து வருவது கொன்றவன், அதுவும் அழகாக உடுத்திக்கொண்டு. நீலியை யாரும் காதலிக்கும்படி எழுதியதில்லை. அவள் வழக்கு அத்தனை நேரானது.

சாவித்துளை வழியாக அவளைப் போன்ற ஒருத்தியை ஹாம்ப்ளி மட்டும் காட்டுகிறார். 'டிராவலிங் வித் தி டெட்' நாவலில், மரியாதைக் குடும்பத்துப் பெண் துணையில்லாமல் பயணம் செய்யக் கூடாது என்று இசித்ரோ பிடிவாதம் பிடிக்கிறான். ஆயிரம் பேரைக் கொன்றவனுக்குப் பழைய ஆசாரம் மட்டும் விடவில்லை. அவனே ஒரு துணையைப் பிடித்துவருகிறான்: மார்கரெட் பாட்டன், பிழைப்புக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஏழைப் பெண். வலுக்கட்டாயம் எதுவும் இல்லை. அவள் கனவுகளுக்குள் போய், அவள் வாழ்நாளெல்லாம் ஏங்கிய மாதிரியான ஒரு காதல் கதையை ஓட்டிக்காட்டுகிறான், அதில் அவளே நாயகி. அவள் தானாகவே கிளம்பி வருகிறாள். லிடியாவுக்கு இது தெரிந்ததும் கடுங்கோபம் வருகிறது, ஆனால் மார்கரெட் லிடியாவைத்தான் வெறுக்கிறாள். தன் கனவைப் பொய் என்று சொல்ல வந்த பணக்காரி என்று. ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் இருவரும். ஒருத்தி ஆதாரங்களைப் படித்தவள், இன்னொருத்தி கனவுகளைப் படித்தவள். இந்த நாவல்களை இரவில் விளக்கணைத்துப் போர்வைக்குள் படிக்கும் நாம் லிடியாவின் இடத்தில் இருந்து படிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மார்கரெட் வரும் பக்கங்களை நான் இரண்டாம் முறை படித்தபோது மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. கான்ஸ்டான்டினோபிளில் அவளுக்கு என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.